உயர்தர ஒலிக்கருவிகளும் ‘எந்த நாட்டுச் சரக்கு’ என்னும் கேள்வியும்

பதிவுசெய்யப்பட்ட ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் திருப்பித் தர முயலும் கருவிகள் உயர்தர ஒலிக்கருவிகள் அல்லது ஹை-ஃபை கருவிகள் எனப்படுகின்றன. ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளே இத்துறையின் தாயகங்களாக நெடுங்காலம் கருதப்பட்டன. இவற்றுக்கு வெளியே ஒரு நல்ல கருவி உருவானால், அதைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஒரே சொல்லில் தொடங்கும்: “அங்கிருந்தா?”

எஸ்டோனியா, தென்னாப்பிரிக்கா, செக் குடியரசு, இந்தியா என்று இந்த வியப்புக்கு ஆளாகும் நாடுகளின் பட்டியல் நீள்கிறது. வியப்பு பாராட்டைப் போலத் தோன்றினாலும் அது மதிப்பீடு ஆகாது. கருவி எப்படி ஒலிக்கிறது, ஏன் அப்படி ஒலிக்கிறது, எந்த அறையில் அது சரியாக இயங்கும், பழுதானால் என்ன செய்வது ஆகிய கேள்விகளை அது பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு இந்தப் பழக்கம் செய்திருக்கும் தீங்கு சிறிதன்று.

புதுச்சேரியும் வெளிநாட்டுப் பெயரும்

இக்கேள்வியை ஆராயப் புதுச்சேரி பொருத்தமான நகரம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்த இந்நகரில், ‘எங்கிருந்து வந்த பொருள்’ என்பது எப்போதும் பேசப்பட்ட ஒன்று. பின்னாளில் ஒன்றியப் பிரதேசத்தின் விற்பனை வரி பல பொருள்களுக்குத் தமிழகத்தைவிடக் குறைவாக இருந்ததால், கடலூர், விழுப்புரம் பக்கத்து மக்கள் தொலைக்காட்சி முதல் ஸ்டீரியோ வரை வாங்கப் புதுச்சேரிக் கடைவீதிகளுக்கு வந்தனர். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பிறகு அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது.

1970களிலும் 1980களிலும் தமிழ்ப் பகுதி முழுவதும் ‘ஃபாரின் செட்’ என்னும் சொல்லே தரச்சான்றாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த ‘டூ-இன்-ஒன்’ கேசட் ரெக்கார்டர் வீட்டின் நடுக்கூடத்தில் துணி போர்த்தி வைக்கப்பட்டது. மறுபுறம், சென்னை ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் வாங்கி உள்ளூர் மெக்கானிக் கோத்துத் தந்த ஆம்ப்ளிஃபயருக்கு ‘அசெம்பிள்டு செட்’ என்று பெயர். முன்னது மதிப்புக்குரியது, பின்னது மலிவானது என்பது பொதுக் கருத்து. ஆனால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிறு ஸ்பீக்கர்களை அடைத்த இறக்குமதி கேசட் கருவியைவிட, போதிய அளவு மின்மாற்றியும் கனமான மரப்பெட்டி ஸ்பீக்கரும் கொண்ட உள்ளூர் செட் நன்றாக ஒலிப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஒலி, பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

முத்திரையின் வரலாறு

ஒரு நாட்டின் பெயர் தரத்தைக் குறிக்கும் என்னும் நம்பிக்கை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ‘மேட் இன் ஜெர்மனி’ என்னும் முத்திரை பெருமைக்காகப் பிறந்ததன்று. 1887இல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிகள் சட்டம், இறக்குமதிப் பொருள்கள் எங்கே செய்யப்பட்டவை என்று குறிக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. மலிவான ஜெர்மன் சரக்கை பிரிட்டிஷ் மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும் என்பதே நோக்கம். சில பத்தாண்டுகளில் அந்த எச்சரிக்கையே நற்சான்றாக மாறியது.

இரண்டாவது சான்று ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பானியச் சரக்கு என்றால் நகல், மலிவு என்றே மேற்கில் பொருள்கொள்ளப்பட்டது. 1970இல் டெக்னிக்ஸ் நிறுவனம் எஸ்பி-10 என்னும் நேரியக்க ரெக்கார்டு பிளேயரை வெளியிட்டது. பட்டை இல்லாமல் மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் முறை அது. 1972இல் வந்த எஸ்எல்-1200 உலகெங்கும் நடன அரங்குகளின் அடிப்படைக் கருவியானது. அதன்பின் ‘ஜப்பானிலிருந்தா?’ என்று எவரும் வியக்கவில்லை. ‘எதிர்பாராத நாடு’ என்பது ஒரு நாட்டின் இயல்பு அல்ல. கேட்பவரின் அறிவு எட்டாத இடத்துக்கு அவர் சூட்டும் தற்காலிகப் பெயர்.

எதிர்பாராத நாடுகளில் நடந்தவை

அருகில் சென்று பார்த்தால் வியப்புக்குரியதாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் எளிய காரணம் இருக்கிறது.

புரோ-ஜெக்ட் என்னும் ஆஸ்திரிய நிறுவனத்தின் ரெக்கார்டு பிளேயர்கள் செக் குடியரசின் லிடோவெல் நகரில் செய்யப்படுகின்றன. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அங்கே டெஸ்லா என்னும் அரசு நிறுவனம் ரெக்கார்டு பிளேயர்களைத் தயாரித்துவந்தது. ஆட்சி மாறியபோது, குறுந்தட்டின் அலையில் உலகம் இசைத்தட்டைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஆலையும் பழகிய கைகளும் அங்கேயே இருந்தன. 1990களின் தொடக்கத்தில் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டதே புரோ-ஜெக்டின் தொடக்கம்.

எஸ்டோனியாவின் எஸ்டெலான் ஸ்பீக்கர்களுக்குப் பின்னாலும் அத்தகைய பின்புலம் உண்டு. சோவியத் காலத்தில் தாலின் நகரின் புனானே ரெட் ஆலை வானொலிப் பெட்டிகளையும் ஒலிக்கருவிகளையும் செய்துவந்தது. மின்னொலியியல் அறிந்தவர்கள் அந்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். அதேவேளை எஸ்டெலான் பயன்படுத்தும் பீங்கான் கூம்புகள் ஜெர்மனியின் அக்குடான் நிறுவனத்தவை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் ஆலை கொண்ட விவிட் ஆடியோ, தன் ஸ்பீக்கர் அலகுகளைத் தானே செய்கிறது. ஆனால் அதன் வடிவமைப்பாளர் லாரன்ஸ் டிக்கி, பி அண்டு டபிள்யூ நிறுவனத்தின் நாட்டிலஸ் ஸ்பீக்கரை உருவாக்கிய ஆங்கிலேயர்.

எனவே ‘எந்த நாட்டுக் கருவி’ என்னும் கேள்விக்கே நேரான விடை இல்லை. வடிவமைப்பு ஒரு நாட்டிலும் உதிரிப்பாகம் இன்னொரு நாட்டிலும் உழைப்பு மூன்றாவது நாட்டிலும் இருக்கலாம். தரம் வருவது பழகிய கைகள், தொடர்ந்து கிடைக்கும் உதிரிப்பாகம், சலிக்காமல் அளந்து திருத்தும் ஒருவர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதுதான்.

இந்தியத் தயாரிப்புகள்

இந்தியாவில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைத்தது அரிது. கிராமஃபோன் இசைத்தட்டுத் தயாரிப்பு கல்கத்தாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. வானொலிப் பெட்டிகளும் பல இடங்களில் செய்யப்பட்டன. ஆனால் விடுதலைக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருமுனைக் கத்தியாக அமைந்தன. வெளிநாட்டுப் போட்டியைத் தடுத்து உள்நாட்டு நிறுவனங்களுக்கு இடம் தந்தன. நல்ல ஸ்பீக்கர் அலகு, துல்லியமான மின்தேக்கி, அளவீட்டுக் கருவி ஆகியவை எளிதில் வரவும் விடவில்லை.

அந்த இடைவெளியில் 1970இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது சோனோடைன். இரண்டு தலைமுறை நடுத்தரக் குடும்பங்களுக்கு ஸ்டீரியோ என்றால் என்னவென்று காட்டிய பெயர்களில் அது ஒன்று. 1991க்குப் பிறகு சந்தை திறந்தபோது பல உள்நாட்டு ஒலிக்கருவிப் பெயர்கள் மறைந்தன. சோனோடைன் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான மானிட்டர் ஸ்பீக்கர் உள்ளிட்ட துறைகளுக்கு விரிந்து நிலைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வியப்புக்கு வேலை இல்லை. தவறாக ஒலிக்கும் மானிட்டரை வைத்துக்கொண்டு பொறியாளர் பிழைக்க முடியாது. எனவே இதை நேர்மையான தேர்வு எனலாம்.

புனேயின் கேடன்ஸ், நிலைமின் ஸ்பீக்கர் என்னும் கடினமான பாதையைத் தேர்ந்தது. மிக மெல்லிய படலம் ஒன்றை இரண்டு துளைத் தகடுகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தத்தில் நிறுத்தி, அதையே அதிரச் செய்வது இம்முறை. 1957இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் இதைப் புகழ்பெறச் செய்தது. படலம் மிக இலேசானது என்பதால் ஒலியின் தொடக்கமும் முடிவும் கூர்மையாக இருக்கும். ஆழ்ந்த கீழொலி தருவது கடினம். ஆகவே கேடன்ஸ் இடை, மேல் ஒலிகளுக்குப் படலத்தையும் கீழொலிக்கு வழக்கமான கூம்பையும் சேர்த்த கலப்பு ஸ்பீக்கர்களைச் செய்தது.

ரெத்ம்: ஒரு மதிப்பீடு

கொச்சியின் ரெத்ம் ஸ்பீக்கர்கள் இந்தியத் தயாரிப்புகளில் வெளிநாட்டு விமர்சகர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தவை. இவற்றை வடிவமைத்த ஜேக்கப் ஜார்ஜ் கட்டடக்கலைஞர். ஸ்பீக்கர் பெட்டியை ஒலி நடமாடும் வெளியாக எண்ணும் போக்கு இவற்றின் வடிவத்திலேயே தெரிகிறது.

வழக்கமான ஸ்பீக்கரில் கீழொலிக்கு ஒரு கூம்பும் மேலொலிக்கு ஒரு சிறு அலகும் இருக்கும். இரண்டுக்கும் ஒலியைப் பங்கிடும் ‘கிராஸ்ஓவர்’ சுற்று பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் பிரிக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதிக்கு அருகிலேயே இந்த வெட்டு விழுகிறது. ரெத்ம் இதைத் தவிர்க்க, குரலின் பெரும்பகுதியையும் ஒரே அகலவீச்சு அலகிடம் ஒப்படைக்கிறது. தொடக்கத்தில் இங்கிலாந்தின் லோதர் அலகுகளையும் பின்னர் தமக்கென வடிவமைத்த அலகுகளையும் பயன்படுத்தினர்.

கர்நாடக இசை கேட்பவருக்கு இதன் பயன் தெளிவு. தம்புராவின் நாதம் அடிச்சுருதியில் தொடங்கி மேற்சுரங்களின் நீண்ட வரிசையாக விரிவது. அந்த வரிசை இரண்டு அலகுகளுக்கிடையே சரியாகப் பொருந்தாமல் உடைந்தால், தம்புரா பின்னணி இரைச்சலாகத் தேய்ந்துவிடும். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் ஒரே கருவியின் இரு முகங்களாக ஒலிக்காமல் இரு வேறு கருவிகளாகப் பிரியும். ஒரே அலகு என்னும் கொள்கை இந்த ஒருமையைக் காக்க முயல்கிறது.

அகலவீச்சு அலகுகளின் குறைகளும் அறியப்பட்டவையே. மேலொலி நேர்முகமாகக் குவிந்து பாயும். பக்கத்தில் அமர்ந்தவருக்கு மங்கும். இடையொலியின் மேற்பகுதியில் சற்றே துருத்திய கூச்சல் தோன்றும். ஆழ்ந்த கீழொலி இராது. கடைசிக் குறைக்கு ரெத்மின் பல மாதிரிகள் தனி ஆம்ப்ளிஃபயருடன் கூடிய கீழொலிப் பகுதியைப் பெட்டிக்குள்ளேயே அமைத்து விடை கண்டன. முதல் இரண்டும் குறைக்கப்படலாம், முற்றிலும் நீங்கா. ஒருவர் நடுவில் அமர்ந்து குரலையும் வீணையையும் கேட்பதற்கு இவ்வகை ஸ்பீக்கர் சிறப்பு. வீடு நிறைய ஆட்கள் கூடித் திரைப்பாடல் கேட்பதற்கு அன்று. இப்படிச் சொல்வதே விமர்சனம். ‘கொச்சியிலிருந்து இப்படி ஒன்றா’ என்பது விமர்சனம் அன்று.

புதுச்சேரிக் கூடத்தில் ஒரு கணக்கு

கருவி எங்கே செய்யப்பட்டது என்பதைவிட எங்கே வைக்கப்படுகிறது என்பது ஒலியை அதிகம் மாற்றும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும் தடித்த சுண்ணாம்புச் சுவரும் பளபளப்பான தரையும் உண்டு. கண்ணுக்குக் குளிர்ச்சி, காதுக்குச் சிக்கல்.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கன அளவு 80 கனமீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்துப் பரப்பு 112 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் ஒலியில் சுமார் 3 விழுக்காட்டை மட்டுமே உள்வாங்கும் என்று கொண்டால், மொத்த உள்வாங்கல் சுமார் 3.4 சதுர மீட்டர். சபைன் சூத்திரப்படி எதிரொலி அடங்கும் நேரம் 0.161ஐக் கன அளவால் பெருக்கி உள்வாங்கலால் வகுக்கக் கிடைப்பது: ஏறத்தாழ 3.8 விநாடி. இது தேவாலயத்துக்கு ஏற்ற அளவு. பாடலின் ஒரு சொல் அடங்குமுன் பல சொற்கள் வந்துவிடும்.

முற்றத்துப் பக்கக் கதவையும் சன்னல்களையும் திறந்து 8 சதுர மீட்டர் திறப்பு ஏற்படுத்தினால் நேரம் 1.1 விநாடியாகக் குறையும். திறந்த வழியில் சென்ற ஒலி திரும்புவதில்லை. கூடவே மெத்தை, புத்தக அலமாரி, தடித்த திரை, தரை விரிப்பு வழியாக இன்னும் 10 சதுர மீட்டர் சேர்த்தால் சுமார் 0.6 விநாடி. இப்போதுதான் அது இசை கேட்கும் அறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அகலமும் உயரமும் ஒரே 4 மீட்டராக இருப்பதால், 43 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் ஒலி தேங்கும். எந்த நாட்டு ஸ்பீக்கராக இருந்தாலும் அந்த அளவில் கும்மென்று முழங்கும். வாங்கியவர் கருவியைக் குறைசொல்வார். குறை சுவர்களிடையே இருக்கும்.

கடற்கரை நகரின் காற்றும் கணக்கில் வரவேண்டும். உப்பீரக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் ஈரத்திலும் வெப்பத்திலும் சில ஆண்டுகளில் பொடியாகும்; ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் தாங்கும். நிலைமின் ஸ்பீக்கருக்கு ஈரமும் தூசியும் கூடுதல் சோதனை, ஏனெனில் படலத்தின் மின்னேற்றம் அவற்றின் வழியே கசியும். வெளிநாட்டு ஆய்வறையில் ஒரு கருவி பெற்ற புகழ் இந்த எதற்கும் உறுதி தராது. பழுது பார்ப்பவரும் மாற்று அலகும் இந்தியாவிலேயே கிடைப்பது இங்கே உண்மையான தரக்கூறு. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களின் வலுவான வாதம் இதுவே. விமர்சனங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

இரண்டு தவறான பாராட்டுகள்

இந்தியக் கருவிகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் தவறான பாராட்டு கிடைக்கிறது. வெளியிலிருந்து வருவது சலுகைப் பாராட்டு. ‘இந்தியாவில் செய்ததற்கு மிக நன்று’ என்னும் போது, அதற்குள் ‘ததற்கு’ என்னும் நான்கெழுத்தில் இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. உள்ளிருந்து வருவது நாட்டுப்பற்றுப் பாராட்டு. ‘நம்மவர் செய்தது, ஆகவே ஆதரிக்க வேண்டும்’ என்பது அது. முதலாவது கருவியை வினோதப் பொருளாக்குகிறது. இரண்டாவது அதை நன்கொடைக்குரியதாக்குகிறது. இரண்டிலும் கருவியைக் கேட்கும் வேலை நடப்பதில்லை.

விளைவு தயாரிப்பாளர் தலையில் விழுகிறது. வினோதப் பொருளை ஒருவர் ஒருமுறை வியந்து கடந்துவிடுவார். நன்கொடையும் ஒருமுறையோடு முடியும். ஒரு தொழில் நிலைப்பதற்கு வேண்டியது குறையைச் சொல்லி, திருத்தியபின் மீண்டும் வந்து வாங்கும் வாடிக்கையாளர். நாதஸ்வரத்தின் சீவாளி சரியில்லை என்றால் திருப்பித் தரும் வித்துவான்கள் இருந்ததால்தான் சீவாளி செய்பவர்களின் கைத்திறன் தலைமுறைகளாக நின்றது.

தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு உண்டு. உலகெங்கும் சிறு நிறுவனங்கள் பல, அளவீடுகளை வெளியிடாமல் ‘ஆன்மா’, ‘உயிர்ப்பு’ போன்ற சொற்களால் கருவியை விற்கின்றன. ஜெர்மனி 1960களிலேயே டிஐஎன் 45500 என்னும் நெறியை வகுத்து, எந்தக் கருவி ஹை-ஃபை என்று அழைக்கப்படலாம் என்பதற்கு எண்ணால் எல்லை கட்டியது. இந்தியச் சந்தையிலோ ‘பிஎம்பிஓ’ என்னும் கணக்கில் கைப்பிடி அளவுக் கருவிக்கும் 1,000 வாட் என்று பெட்டியில் அச்சிட்டனர். 12 வோல்ட், 1 ஆம்பியர் மின்வழங்கியில் இயங்கும் கருவி தொடர்ச்சியாக 12 வாட்டுக்கு மேல் தர இயலாது என்பது பள்ளி இயற்பியல். இத்தகைய சந்தையில் நேர்மையான எண்களை வெளியிடும் சிறு தயாரிப்பாளர் தனித்துத் தெரிவார். வெளியிடாதவர் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாவார்.

மதிப்பிடும் முறை

ஒலிக்கருவியை எடைபோட விரும்பும் மாணவரும் வாங்குபவரும் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளலாம்.

முதலில் அறையை அறிதல். கைதட்டினால் ஓசை நீளும் அறையில் எந்த ஒப்பீடும் பயன் தராது.

இரண்டாவது, ஸ்பீக்கரின் உணர்திறனைக் கேட்டறிதல். 87 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் ஓசையை 97 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்டில் தரும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்பதை இந்த எண்ணே முடிவுசெய்கிறது.

மூன்றாவது, ஓசை அளவைச் சமப்படுத்திக் கேட்டல். இரண்டு கருவிகளில் சற்றே உரக்க ஒலிப்பது நல்லது போலத் தோன்றுவது காதின் இயல்பு. கடைகளில் பெரும்பாலான தீர்ப்புகள் இங்கேதான் தவறுகின்றன.

நான்காவது, நன்கு பழகிய ஒரு குரலையும் தம்புராவையும் வைத்துச் சோதித்தல். வெடியோசைகள் எல்லாக் கருவியிலும் ஈர்க்கும். மனிதக் குரல் ஏமாற்றுவதில்லை.

ஐந்தாவது, பழுது பார்ப்பவர் யார், மாற்று அலகு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுத்தில் பெறுதல்.

இவற்றுக்கெல்லாம் பிறகு, கருவியைத் திருப்பி அதன் பின்புறம் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம். அப்போது அது வெறும் முகவரி. பழுதானால் எங்கே எழுதுவது என்று சொல்லும் வரி.